சிப்பிக் கோடு

சனிக்கிழமை பிடித்த மீனை வெட்டுவது சுகந்தினியின் வேலை. மூன்று வருடமாக அப்படித்தான். மகேசன் வாளியைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, சேறு படிந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, நேராகக் குளிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது மீன் துண்டு துண்டாகச் சட்டியில் கிடக்கும், புளி கரைத்திருக்கும்.

தொண்ணூற்றாறு நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மீன் வெட்டப்படவில்லை. வயிற்றை மட்டும் கீறி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைக் கோப்பையில் போட்டு, கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தாள் சுகந்தினி.

"என்னப்பா இது, சாப்பிடுற கோப்பையில?"

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ. மூண்டு மீனின்ர வயித்துக்குள்ளயும் நண்டுக் குஞ்சு. இது சிப்பி ஓடு."

"பசிச்ச மீன் கண்டதையும் தின்னும்."

"நீங்கள் இதைப் பிடிச்சது நாப்பதடி ஆழத்தில. இந்தச் சாதி நண்டு அங்க ஏது? வெய்யில் படுற சேத்துத் திட்டில கிடக்கிறது இது. போன கிழமையும் இதுதான் இருந்தது. அதுக்கு முந்தின மாதம் இப்பிடி இல்லை. வெறும் மீன் முள்ளுத்தான்."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"மீன் இப்ப திட்டில மேயுது. மேய்ஞ்சு முடிச்சு வீட்ட போற வழியில நிண்டு நீங்கள் ரெண்டு மூண்டைப் பிடிக்கிறியள்."

மகேசன் துவாயைக் கதிரையில் போட்டார். லின்ஃபீல்டில் அந்த வாடகை வீட்டின் குசினி ஜன்னலில் இருந்து பார்த்தால் மானுக்காவ் துறைமுகம் முழுதும் தெரியும். கடல் இறங்கும் வற்றில் சேறும் மணலும் மைல் கணக்கில் வெளியே வரும். கடல் ஏறும் பெருக்கில் அதே இடம் வெள்ளித் தகடு போலக் கிடக்கும். அந்தத் தண்ணீரை லின்ஃபீல்ட் தமிழர்களில் தன்னைப்போல அறிந்தவர் இல்லை என்பது மகேசனின் எண்ணம்.

அந்த எண்ணம்தான் அவருக்கு இந்த நாட்டில் மிஞ்சியிருந்தது. ஊரில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பதினேழு வருடம் குளத்து அணைக்கட்டில் நின்று நீர்மட்டம் குறித்தவர். ஒக்லாந்தில் அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. ஏவன்டேலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டினார். முதியோர் இல்லத்தில் வேலை செய்த சுகந்தினிக்கு அவரைவிடச் சம்பளம் கூட. அவளுடைய ஆங்கிலமும் கூட. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதங்களை அவள்தான் வாசித்துச் சொன்னாள். ஆனால் கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடினால், "மகேசன் அண்ணை, இப்ப எங்க போட்டால் ஸ்னாப்பர் மீன் படும்?" என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் கோயிலுக்குப் போனார் என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை.

இப்போது குசினியில் நின்றுகொண்டு இவள் பதில் சொல்கிறாள்.

டிசம்பர் முதலாவது சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் மீன்பிடிப் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர். ஒரே ஒரு பெரிய ஸ்னாப்பர்தான் கணக்கு. பின்னேரம் இரண்டு மணிக்குள் தராசுக்கு வர வேண்டும். மகேசனும் கணேசமூர்த்தியும் இரண்டு வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம். பாஸ்கரன்தான் இரண்டு தடவையும் முதலாவது.

கணேசமூர்த்தி மலேசியாவில் கிள்ளானில் இருந்து வந்தவர். ஆல்பனியில் அச்சு இயந்திரம் பழுது பார்க்கிறவர். படகு அவருடையது, பதினான்கு அடி அலுமினியம். அடுத்த நாள் கோயிலில் சுகந்தினி நண்டுக் கதையை அவரிடமே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, நீங்க ஒரு வாட்டி வாங்களேன், பாத்துருவோம்லா" என்றார் கணேசமூர்த்தி.

மகேசன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

*

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் படகில் இருந்தார்கள். பெருக்கு ஒன்பது மணிக்கு. தென்மேற்குக் காற்று மெல்லியதாக அடித்தது. மாங்கரே விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலே தாழப் பறந்தன.

மகேசனின் முறை எல்லாருக்கும் தெரிந்தது. ஆழ ஓடையில் நங்கூரம் போடுவது. அரைத்த மீனை உறையவைத்து, வெங்காயப் பையில் கட்டித் தண்ணீருக்குள் விடுவது. கைமுட்டி அளவு ஈயக் குண்டு கட்டிய நூலை அடியில் நிறுத்திவைத்து, மீன் தேடி வரும்வரை காத்திருப்பது.

"நங்கூரம் வேண்டாம்" என்றாள் சுகந்தினி. "படகைத் தண்ணி இழுக்கிற பக்கம் போக விடுங்கோ. ஈயமும் வேண்டாம்."

"ஈயம் இல்லாமல் இரை எப்பிடி அடிக்குப் போகும்?"

"திட்டில எட்டடித் தண்ணிதானே. கணவாய்த் துண்டு தன்ர பாட்டில ஆடி ஆடி இறங்கட்டும். அந்தக் குண்டு தொபுக்கெண்டு விழுந்தால் நான் மீனாயிருந்தாலும் ஓடிப் போயிடுவன்."

கணேசமூர்த்தி சிரித்தார். மகேசன் சிரிக்கவில்லை.

"மூர்த்தி, உம்மட படகு. நீர் சொல்லும்."

"ஒரு மணி நேரம் அண்ணி சொன்ன மாதிரி பாப்போம் அண்ணே. மீனு இல்லன்னா நம்ம இடம் எங்க போய்டப் போவுது?"

திட்டின் ஓரத்தில் படகுகளுக்கு வழிகாட்ட ஒரு மரக்கம்பம் நின்றது. அதைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினார்கள். படகு பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது. சுகந்தினியிடம் தூண்டில் தடி இல்லை. பால்மா டின்னில் சுற்றிய தங்கூசி நைலோன் நூல் மட்டும் இருந்தது. ஊர்காவற்றுறையில் தபாலதிபராக இருந்த தகப்பனோடு பாலத்தில் இருந்து போட்ட பழக்கம். கணவாயை விரல் நீளத்துக்கு வெட்டிக் கோத்து, கைவீச்சில் போட்டாள்.

பத்து நிமிடத்தில் முதல் மீன். கணேசமூர்த்தி பலகையில் வைத்து அளந்தார். சட்டப்படி இருபத்தேழு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். இது நாற்பது.

இரண்டாவது மீனுக்குக் கணேசமூர்த்தி தன் நூலில் இருந்த ஈயத்தைக் கழற்றினார். மூன்றாவது அவருக்கே பட்டது.

"அண்ணே, நீங்களும் கழட்டிருங்க."

"எனக்கு இது சரி."

மகேசனின் குண்டு சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. படகு நகர நகர நூல் இழுபட்டது. இரண்டு தடவை பாசி, ஒரு தடவை பழைய சாக்கு. சுகந்தினிக்கு நாலாவது. பிறகு ஐந்தாவது. ஒவ்வொரு தடவையும் அவள் நூலை வலித்து எடுக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டாள். அப்படி அவள் முகம் இருந்ததை மகேசன் கலியாணமான புதிதில் கண்டது. இப்போது அதைக் கணேசமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கை ராசியா, மந்திரமா?"

"ரெண்டும் இல்லைத் தம்பி. மூண்டு வருசம் மீன் வெட்டின கை."

பதினொன்று பத்துக்கு மகேசன் அதைக் கண்டார். மரக்கம்பத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு வளையம். கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெளியே வரத் தொடங்கியிருந்தன. அந்தக் கோடு தெரிந்தால் திட்டை விட்டு வெளியேறக் கால்மணி நேரம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கணேசமூர்த்தி எஞ்சின் பக்கம் குனிந்து இரை வெட்டிக்கொண்டிருந்தார். சுகந்தினி கடலைப் பார்த்திருந்தாள்.

ஒரு மீன். தனக்கு ஒரே ஒரு மீன் பட்டதும் சொல்லலாம் என்று நினைத்தார். வளையம் ஒரு விரற்கடை அகலமானது. பிறகு ஒரு சாண். அவருடைய நூல் அசையவில்லை.

படகின் அடிப்பாகம் மணலில் உரசிய சத்தம் கேட்டபோது கணேசமூர்த்தி துள்ளி எழுந்தார். எஞ்சினைப் போட்டார். அது சேற்றைத்தான் கலக்கியது. மூவரும் இறங்கித் தள்ளினார்கள். முழங்கால் அளவு தண்ணீர் கணுக்கால் அளவானது. அரைமணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. நடுத் துறைமுகத்தில், ஈர மணலில், அலுமினியப் படகு ஒன்று பக்கம் சாய்ந்து கிடந்தது.

"இனி தண்ணி திரும்ப ஏறினால்தான்" என்றார் மகேசன்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழாகும்."

சுகந்தினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு மூண்டு மணிக்கு வேலை."

அவளை வேலையில் நிரந்தரமாக்குவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சொல்லாமல் வேலைக்குப் போகாது நிற்கக் கூடாத மாதம். தொலைபேசி இருந்தது கரையில், முக்கால் மைல் சேற்றுக்கு அப்பால். அதை நடந்து கடக்கலாம் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணேசமூர்த்தி, "சாரி அண்ணி, நான்தான் பாத்திருக்கணும்" என்று நாலு தடவை சொன்னார். மனைவி ராஜம்மா கட்டிக்கொடுத்த தேங்காய்ப்பால் சோற்றையும் நெத்தலிச் சம்பலையும் பிரித்து வைத்தார். சுகந்தினி கொண்டுவந்த புட்டு வெய்யிலில் காய்ந்து உதிர்ந்தது. மூவரும் படகின் நிழலில் குந்தியிருந்து சாப்பிட்டார்கள். வெய்யில் தோலைப் பொசுக்கியது. மேலே விமானங்கள் வந்துகொண்டே இருந்தன.

"அதுல போறவன் நம்மளப் பாத்து என்ன நெனப்பான் அண்ணே?"

"மூண்டு விசரர் கடலுக்கு நடுவில பிக்னிக் வந்திருக்கினம் எண்டு நினைப்பான்."

இதற்கு சுகந்தினிகூட லேசாகச் சிரித்தாள். பிறகு கணேசமூர்த்தி ஆழம் பார்க்கத் திட்டின் விளிம்புவரை நடந்து போனார். அவர் தூரமானதும் அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ. மூர்த்தித் தம்பி எஞ்சின் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவர். நான் கடல் பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"என்ன கேள்வி இது?"

"கம்பத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

மகேசன் மணலில் இருந்த ஒரு சிப்பியைப் புரட்டினார்.

"பதினேழு வருசம் தண்ணி மட்டம் எழுதின மனுசன்" என்றாள் அவள்.

*

முதியோர் இல்லத்தில் இருந்து கடிதம் வந்தது. எச்சரிக்கைக் கடிதம். நிரந்தரமாக்குவது மூன்று மாதம் தள்ளிப்போனது. சுகந்தினி அதை வாசித்து, மடித்து, அலுமாரியில் வைத்தாள். வழக்கம்போல மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. மகேசன் பிறகு தானே எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கணேசமூர்த்தி வந்தார். தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். வேலைக்குப் போகும் பாலத்தில் வாகன நெரிசல், புது மேலாளர், ராஜம்மாவின் முதுகுவலி எல்லாம் பேசி முடித்தார்.

"அண்ணே, போட்டி விசயமா ஒண்ணு. தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"சொல்லும்."

"ரெண்டு வருசமா செகண்டு. இந்த வருசம் மீனு திட்டுல இருக்கு. நீங்க ஈயத்தக் கழட்ட மாட்டேங்கிறீங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"அவவைக் கூட்டிக்கொண்டு போமன்" என்றார் மகேசன். குரல் அவர் நினைத்ததைவிட உரத்து வந்தது. "எனக்கு அண்டைக்கு ஓவர்டைம் இருந்தாலும் இருக்கும்."

குசினிக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவள் மாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தார். அவர் இல்லாமல் நான் எப்படி என்பாள், ஆட்கள் என்ன சொல்லுவினம் என்பாள். பிறகு தான் பெருந்தன்மையாக, சரி நானே வருகிறேன் என்று சொல்லலாம்.

சுகந்தினி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஓம் தம்பி. வாறன்."

வெள்ளிக்கிழமை மாலை அவள் தூண்டில் முட்களையும் நூலையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தாள். மெல்லிய நூல். மூக்குக்கண்ணாடி போட்டும் துளை பிடிபடவில்லை. கட்டிய முடிச்சு இழுத்ததும் வழுகியது. நாலாவது தடவை வழுகியதும் முள்ளையும் நூலையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மகேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நூலை முள்ளின் காதுக்குள் விட்டு, சுற்றத் தொடங்கினார். ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்று சுற்றோடு நிறுத்தினாலும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். சின்ன மீனைத் தாங்கும். பெரிய மீன் ஒரு இழுவை இழுத்தால் கழன்றுவிடும். கழன்றால் யாருக்கும் தெரியாது. கடல் எவ்வளவோ மீனைக் கொண்டுபோகிறது.

ஒன்று, இரண்டு, மூன்று. கை நின்றது.

அடுத்த அறையில் அவள் நாளைக்குப் போடப் பழைய சட்டை தேடிக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவர் இருக்கும்போது அவள் பாடி எத்தனை காலமாயிற்று என்று யோசித்தார். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்ததுபோல எரிந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. எச்சில் தொட்டு நனைத்து இறுக்கினார். பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். வழுகவில்லை.

*

ஓவர்டைம் ஒன்றும் இருக்கவில்லை. போட்டியன்று காலை மகேசன் காரை எடுத்துக்கொண்டு கடலுக்கு நேர் மேலே இருக்கும் மேட்டுக்குப் போனார். சங்கத்தாரிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கி கையில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ராஜம்மா புல்லில் பாய் விரித்துக் கறிபப் பலகார டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. நம்ம ரெண்டு பேரையும் கழட்டி விட்டுட்டாங்க பாத்தீங்களா?"

"ம்."

"கறிபப் சாப்புடுங்க. சூடா இருக்கு."

தொலைநோக்கியில் படகு சிறிய வெள்ளி வில்லையாகத் தெரிந்தது. இரண்டு தொப்பிகள். ஒன்று சிவப்பு, அது சுகந்தினி. கறுப்புத் தொப்பி எதையோ சொல்ல, சிவப்புத் தொப்பி பின்னால் சாய்ந்தது. சிரிக்கிறாள்.

"உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டார் மகேசன்.

"என்னா ஒண்ணும்?"

"உங்கட மனுசன், இப்பிடி… நாள் முழுக்க."

ராஜம்மா வாயைத் துடைத்தார். "அந்த ஆளு மீன் நாத்தத்தோட வீட்டுக்கு வந்து சோபாவுல உக்காருவாரு. வேற எவங்க கூடயாச்சும் ஒரு நாளு இருக்கட்டும்லா, எனக்கு லீவு. பொறாமைப்பட எனக்கு எங்க நேரம் இருக்கு?" பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு அண்ணி மேல இல்ல அண்ணே பொறாமை. அண்ணி புடிக்கிற மீனு மேல."

மகேசன் தொலைநோக்கியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டார்.

பதினொரு மணி. படகு திட்டின் நடுவில் நகர்ந்தது. தொலைநோக்கியைக் கம்பத்துக்குத் திருப்பினார். கறுத்த மரம், தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தார். ஒரு நூல் அளவு வெள்ளை.

அந்த நேரம் பார்த்துச் சிவப்புத் தொப்பி எழுந்து நின்றது. இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. படகே ஒரு பக்கம் திரும்பியது.

"பெரிசு" என்றார் மகேசன்.

"எவ்ளோ பெருசு?"

"படகை இழுக்குது."

வெள்ளை வளையம் விரற்கடை அளவானது. சிவப்புத் தொப்பி நூலை விடுகிறது, வலிக்கிறது, விடுகிறது. கறுப்புத் தொப்பி வலையோடு குனிந்து நிற்கிறது. இரண்டு பேரில் ஒருவரும் கம்பத்தைப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்தால் போதும். படகு மணலில் குந்தும். தண்ணீர் ஏழு மணிக்குத்தான் திரும்பும். தராசு இரண்டு மணிக்கு மூடிவிடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கறிபப்பைக் கையில் வைத்துக்கொண்டு மகேசன் அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அதே கம்பம், அதே வளையம்.

கறிபப்பைப் பாயில் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினார். ஹோர்னில் கையை வைத்து அழுத்தினார். நீளமாக மூன்று தடவை. பிறகு விடாமல். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வெளியே வந்து பார்த்தார். ராஜம்மா காதைப் பொத்திக்கொண்டு தொலைநோக்கியை எடுத்தார்.

"திரும்பிப் பாத்துட்டாங்கண்ணே. அந்த ஆளு இங்க கையக் காட்டுறாரு."

"எஞ்சினைப் போடுகினமோ?"

"அண்ணி ஏதோ சொல்றாங்க." சற்று நேரம் பார்த்தார். "இல்ல. திரும்பவும் மீன் பக்கம் திரும்பிட்டாங்க."

மகேசன் ஹோர்னில் இருந்து கையை எடுத்தார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அந்தத் தூரத்திலும் அவருக்குக் கேட்டது.

*

கோயில் மண்டபம் கழுவ வைத்திருந்த ரப்பர் பூட்ஸ் காருக்குள் பின்னால் கிடந்தது. பன்னிரண்டரைக்கு அவர் சேற்றில் இறங்கினார். முதல் இருநூறு கஜத்துக்குக் கால் முழங்கால்வரை புதைந்தது. ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஒரு சிறு ஓடை. அதைத் தாண்டினால் கெட்டி மணல். படகு பழையபடி பக்கம் சாய்ந்து கிடந்தது.

சுகந்தினி படகின் விளிம்பில் இருந்தாள். வலது கையில் துவாய் சுற்றியிருந்தது. துவாயில் இரத்தம்.

"நூல் வெட்டிப்போட்டுது" என்றாள், அவர் கேட்க முதல்.

"ஆழமோ?"

"இல்லை." கொஞ்சம் பொறுத்து, "ஹோர்ன் அடிச்சது நீங்கள்தானே?"

"ஓம்."

"நான் கிளம்பலாம்னு சொன்னேன் அண்ணே" என்றார் கணேசமூர்த்தி. "அண்ணிதான் அந்தச் சத்தத்தக் கவனிக்காதீங்கன்னுட்டாங்க."

"போன முறை கண்டிட்டுச் சொல்லாமல் இருந்தனீங்கள்" என்றாள் சுகந்தினி. "இந்த முறை சொன்னீங்கள். நான் எதை எண்டு நம்புறது?"

"போன முறை கண்டனான்தான்" என்றார் மகேசன்.

கணேசமூர்த்தி திடீரென்று எஞ்சினைப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

மகேசன் படகுக்குள் எட்டிப் பார்த்தார். ஈரச் சாக்கை விலக்கினார். ரோஜா நிறத்தில், முதுகில் நீலப் புள்ளிகளோடு, அவருடைய கையின் முழு நீளத்துக்குக் கிடந்தது. நெற்றி புடைத்த கிழட்டு ஸ்னாப்பர். மூன்று வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் மனதில் கண்ட மீன். ஒரு கணம் சாக்கைத் திரும்ப மூடிவிட்டார்.

"மணி என்ன?"

"ஒண்ணு."

"ரெண்டுக்கு முதல் கொண்டு போகலாம்."

"நான் வாறன்" என்று எழுந்தாள் சுகந்தினி. காலில் ரப்பர் செருப்பு.

"அதோட சேத்துக்குள்ள ரெண்டடி நடக்கமாட்டீர். சிப்பி காலைக் கிழிக்கும். அந்தக் கையால தூக்கவும் ஏலாது. மூர்த்தி படகை விட்டுட்டு வரேலாது."

அவள் அவரையே பார்த்தாள். காற்று அவள் தொப்பியின் விளிம்பை மடக்கியது.

"கொண்டு போய்க் குடுப்பீங்களோ?"

மகேசன் மீனைச் சாக்கோடு தூக்கித் தோளில் போட்டார். கரையைப் பார்த்து நடந்தார்.

பாரம் நடக்க நடக்கக் கூடியது. சாக்கில் இருந்து வழிந்த நீர் முதுகில் இறங்கியது. ஓடையில் ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. அதைத் தேடாமல் வந்தார். இடைவழியில் இரண்டு தடவை நின்றார். அந்த ஓடையில் இதை நழுவவிட்டால் நழுவியதுதான். கால் தடுக்கிவிட்டது என்றால் யார் மறுக்க முடியும்? சாக்கின் வாயை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மா தன் காரைக் கீழே கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"சீட்டெல்லாம் சேறாகும்" என்றார் மகேசன்.

"ஏறுங்கண்ணே, மொதல்ல."

*

படகுத்துறையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஏவன்டேல் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசு, கூடாரக் கம்பியில் ஆடியது. சங்கச் செயலாளர் சதாசிவம் மடக்கு மேசையில் தாளோடு இருந்தார். பாஸ்கரனின் மீன் ஐந்து கிலோ முந்நூறு. இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. பாஸ்கரன் சட்டையை மாற்றித் தலையும் வாரியிருந்தார்.

தொடைவரை சேறும் ஒற்றைக் காலில் பூட்ஸுமாக மகேசன் வந்து சாக்கை அவிழ்த்தபோது, கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. தராசின் முள் எட்டைத் தாண்டி நின்றது.

"எட்டுக் கிலோ நானூறு" என்றார் சதாசிவம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, திரும்பப் பார்த்தார். "எட்டு நானூறு. கடைசியில பிடிச்சுப்போட்டீர், மகேசன்."

யாரோ முதுகில் தட்டினார்கள். யாரோ, "படகு தரை தட்டியும் நடந்து கொண்டுவந்திட்டார் மனுசன்" என்றார்கள். "நான் அப்பவே சொன்னனான், தண்ணி தெரிஞ்ச ஆள்" என்றது இன்னொரு குரல். ராஜம்மா கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

மகேசன் தலையை நிமிர்த்தினார். எதிரே பாஸ்கரன் நின்றார். அவர் பார்த்தது மீனை அல்ல. மகேசனை. கடைவாய் இறுகி, கண் சிறுத்து, தன்னுடையதைப் பிறன் கையில் கண்டவனின் பார்வை. அந்தப் பார்வையை மகேசன் நன்றாக அறிவார். இரண்டு வாரமாகக் குளியலறைக் கண்ணாடியில் கண்டது. ஒருவர் அதைத் தன்மேல் திருப்பியது இந்த நாட்டில் இதுதான் முதல் தடவை. வெய்யிலில் குளிர்ந்த நீர் ஊற்றியதுபோல இருந்தது.

சதாசிவம் தாளில் விரலை ஓட்டினார். ஒரு மாதத்துக்கு முன் பதிந்த பட்டியல். ஒருவரும் திருத்தியிருக்கவில்லை. "படகு ஆறு. கணேசமூர்த்தி, மகேசன்." பேனாவைத் திறந்தார். "பிடிச்சது மகேசன். சரிதானே?"

வாய் திறக்க வேண்டியதில்லை. தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

தூரத்தில், துறைமுகத்தின் நடுவில், மணலில் ஒரு வெள்ளி வில்லை மினுங்கியது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி, எழுந்து நிற்கிறது.

"அதை வெட்டுங்கோ" என்றார் மகேசன்.

"எதை?"

"என்ர பேரை. நான் படகில போகேல்லை. கரையில நிண்டனான். பிடிச்சது சுகந்தினி."

பாஸ்கரனின் முகம் தளர்ந்து, குழம்பி, பிறகு வேறொரு விதமாக இறுகியது.

"உம்மட மனுசியோ?" என்றார் சதாசிவம்.

"ஓம். கைநூல். ஈயம் இல்லாமல். திட்டில." ஒவ்வொரு சொல்லும் பல் பிடுங்குவதுபோல வந்தது. "எழுதுங்கோ."

சதாசிவம் கோடு கிழித்து, மேலே சிறிய எழுத்தில் எழுதினார். மகேசன் குனிந்து, அவர் எழுதியதைப் பார்த்தார். பிறகு தராசில் தொங்கிய மீனைப் பார்த்தார். கடைவாயில் முள் இன்னும் இருந்தது. முள்ளில் ஒரு முழ நூல். காதடியில் ஏழு சுற்று, ஒன்றுகூட நெகிழாமல்.

"தூண்டில் முடிச்சு நான் போட்டது" என்றார்.

சதாசிவம் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"அதுக்கு இதில இடமில்லை, மகேசன்."